மடங்கிய கட்டைவிரலும் நான் கேட்ட பெயரும்

என் மகள் அருளினியின் வலக்கைக் கட்டைவிரல் மடங்கிக் கிடப்பதை நான் கண்டது சென்ற மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. நுனிக் கணு உள்நோக்கி வளைந்து நின்றது. நிமிர்த்திப் பார்த்தேன், நிமிரவில்லை. சற்றே அழுத்தினேன். குழந்தை கையை வெடுக்கென இழுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயது நிறைய நான்கு மாதம் இருந்தது.

சபையாரே, அந்தக் கணத்தில் ஆண்டவரின் பெயர் என் நாவில் வரவில்லை. "யார்?" என்ற சொல்தான் வந்தது. யார் இதைச் செய்தது? நான் தரும் சாட்சி முழுவதும் அந்த ஒரு சொல் என்னை எங்கெல்லாம் இழுத்துச் சென்றது என்பதுதான். மேடையில் நின்று சொல்லும்படி போதகர் கேட்டார். நின்றால் குரல் உடைந்துவிடும் என்று அஞ்சி எழுதித் தருகிறேன்.

என்னை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். நான் மார்க்கையன்கோட்டையில் வாழ்கிறேன். முப்பத்தோராண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பத்தெட்டாம் வயதில் மணம் முடித்தேன். என் மனைவி ரூபி சின்னமனூர் அஞ்சலகத்தில் பணியாற்றுகிறாள். பதினோராண்டுகள் காத்திருந்தபின் ஆண்டவர் எங்களுக்கு அருளினியைத் தந்தார். அவள் பிறந்த நாள்முதல் அச்சத்தோடுதான் மகிழ்ந்தேன். தும்மினால் அஞ்சினேன், தும்மாவிட்டாலும் அஞ்சினேன்.

நூலகத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. திரும்பி வரும் நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்காமல் அடுக்கில் வைத்ததில்லை. கிழிசல் இருந்தாலும், கோடு இருந்தாலும், படம் வெட்டப்பட்டிருந்தாலும், கடைசியாக அந்நூலை எடுத்துச் சென்றவரே பொறுப்பு. "நான் வாங்கும்போதே அப்பிடித்தான் சார் இருந்துச்சு" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை.

என் மகளைக் கடைசியாகத் தூக்கிச் சென்றவர் பேச்சியம்மா.

அவர் எங்கள் வீட்டிற்கு வந்தது தை மாதத்தில். அம்மாதம் எனக்குக் கண்புரை நீக்கினார்கள். ஒன்றரை மாதம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். ரூபி பணிக்குச் சென்றபின் அதுவரை குழந்தையைப் பார்த்துக்கொண்டவன் நானே. இனி இயலாது என்றானது. எனவே வாய்க்காலுக்கு அப்புறம் குடியிருக்கும் பேச்சியம்மாவைப் பகல் நேரத்திற்கு அமர்த்தினோம். நாற்பது வயதைக் கடந்தவர், கணவரை இழந்தவர். விடியற்காலையில் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் வந்தவர், இடுப்பு வலி பொறுக்காமல் அதை விட்டிருந்தார். குழந்தை முதல் நாளே அவரிடம் ஒட்டிக்கொண்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மாசியில் புதிய மூக்குக்கண்ணாடி வந்தது. அணிந்ததும் உலகம் கழுவி வைத்தாற்போல் இருந்தது. நாட்காட்டியின் சிற்றெழுத்து தெரிந்தது. சுவரில் பல்லி முட்டையிட்ட இடுக்குத் தெரிந்தது. மடியில் இருந்த குழந்தையின் நகங்கள் வளர்ந்திருப்பது தெரிந்தது. நகம் வெட்டுவதற்காகக் கையைப் பற்றினேன். அப்போதுதான் அந்த விரலைக் கண்டேன்.

மறுநாள் காலை பேச்சியம்மா செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"புள்ள கையில என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு ஐயா?"

"கட்டைவிரலப் பாரு. யாரு முறுக்கினது?"

அவர் குழந்தையின் கையை வாங்கிப் பார்த்தார். "ஆத்தாடி! மடங்கியில்ல கெடக்கு. எங்கன இடிச்ச தங்கம்? கதவிடுக்குல குடுத்தியா?"

"அவகிட்டக் கேக்காத. உன்கிட்டக் கேக்குறேன்."

"எனக்குத் தெரியலையே ஐயா. கையப் புடிச்சு நடத்திக் கூட்டிப் போவேன். அதுக்கு இப்பிடியா ஆகும்?"

கையைப் பிடித்தேன் என்று அவரே சொன்னார். அந்த ஒரு வரியை நான் இறுகப் பற்றிக்கொண்டேன். அதற்கு முன்னும் பின்னும் அவர் சொன்னவை என் செவியில் ஏறவில்லை.

ரூபி பொறுமையாகவே பேசினாள். "ஏங்க, அந்தக்கா எதுக்குச் செய்யப் போறாக? நாமளும்தான பாக்காம இருந்திருக்கோம். மொதல்ல டாக்டர்ட்டக் காட்டுவோம்."

தேனியில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். இளம் வயதினர், அமைதியான பெண்மணி. எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒரு கீறலும் இல்லை. குழந்தையின் விரலடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது ட்ரிக்கர் தம்ப்" என்றார். இதற்கு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றைப் பின்னர் தேடினேன்; மனம் ஒப்பும்படி அகப்படவில்லை. எனவே அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"விரல மடக்குற நாண் ஒண்ணு உறைக்குள்ள ஓடுது ஐயா. அதுல ஒரு சின்ன முண்டு விழுந்திருக்கு. நூல்ல முடிச்சு விழுந்தா ஊசிக் காதுல சிக்கிக்கிடும்ல, அது மாதிரி. இங்க தொட்டுப் பாருங்க."

தொட்டேன். கட்டைவிரலின் அடியில் மிளகளவு ஒரு திரட்சி தட்டுப்பட்டது.

"யாராவது முறுக்கியிருந்தா இப்படி ஆகுமா?" என்றேன்.

"முறுக்கினதால வர்றதில்ல. யாரும் செஞ்சதும் இல்ல. சின்னப் பிள்ளைகளுக்குத் தானா வரும். வலிக்காததால ரொம்ப நாள் யாரும் கவனிக்கிறதில்ல. திடீர்னு ஒருநாள் கண்ணுல படும்; நேத்துத்தான் ஆச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க."

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். விடை முழுவதும் அந்த அறையிலேயே எனக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் நான் அவருடைய மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாவின் உறவினர் எவரேனும் இங்கே வேலை செய்வார்களோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அறுவை செய்வதற்கு அவசரம் இல்லை என்றார். நாளும் இரண்டு மூன்று முறை மெல்ல நீவி நிமிர்த்தச் சொன்னார். ஆறு மாதம் பார்ப்போம், நிமிரவில்லை என்றால் சிறிய அறுவை, அன்றே வீடு திரும்பலாம் என்றார். பேருந்தில் திரும்பும்போது அதையும் ஐயுற்றேன். ஏன் ஆறு மாதம்? தடயம் மறையட்டும் என்பதற்காகவா? உடனே அறுவை என்று சொல்லியிருந்தால், எதற்கு இத்தனை அவசரம் என்று ஐயுற்றிருப்பேன். என் மனம் அப்படித்தான் இருந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதக் கை கூசுகிறது. அந்த விரலை நீவ வேண்டாம் என்று ரூபியிடம் சொன்னேன். நீவினால் சான்று கலைந்துவிடும் என்றேன். அதன்பின் அவள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். உள்ளே நீவிக்கொண்டிருந்தாள் என்பது பின்னாளில் தெரிந்தது. அன்றைக்கோ, சாத்திய கதவையும் நான் ஐயத்தோடுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் பேச்சியம்மா வந்தபோது நான் தெருவில் இறங்கி நின்றேன். "இனி நீ வர வேண்டாம்" என்றேன். என் குரல் உயர்ந்துதான் இருந்தது. எதிர்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வேணாம்னா வேணாம் ஐயா. தெருவுல வச்சுச் சொல்லாதீக. நாலு வீட்டுல கேப்பாக."

"கேக்கட்டும். கேக்கணும்னுதான் சொல்றேன்."

ஆம், அப்படியே சொன்னேன். முப்பத்தோராண்டுகள் நூல்களின் நடுவே வாழ்ந்தவன் அறிந்து, தேர்ந்து சொன்ன சொற்கள் அவை. பேச்சியம்மா திரும்பி நடந்தார். வேறொரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் பேசி வைத்திருந்தாராம். அவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுவாரமே இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மீண்டும் ஜீப் ஏறினார். இதைக் கேள்விப்பட்டபோது, "குற்றம் இல்லையென்றால் வந்து வாதாடியிருப்பாளே" என்று ரூபியிடம் சொன்னேன்.

குழந்தை பத்து நாள் வாசலில் நின்று, "பேச்சிம்மா எங்க? பேச்சிம்மா எங்க?" என்று அழுதாள். அச்சத்தால் அழுகிறாள் என்று நான் விளக்கம் சொன்னேன்.

அதன்பின் கூடலூர்ப் பக்கம் எலும்பு கட்டும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். குமுளிக்குப் போகும் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி அவர் வீடு. மருந்துக்காக நான் போகவில்லை. யாரோ முறுக்கியது என்று அவர் வாயால் ஒரு சொல் வேண்டும், அதற்காகப் போனேன். அவர் குழந்தையின் கையை எண்ணெய் தொடாமலேயே பிடித்துப் பார்த்தார்.

"எலும்பு கணக்காத்தான இருக்கு. இதுல நான் கட்டுறதுக்கு ஒண்ணுமில்ல."

"முறுக்கியிருக்காகல்ல? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"அப்பிடித் தெரியல."

"ஒரு பெரிய ஆள் கோபத்துல பிடிச்சு இழுத்திருந்தா?"

அவர் குழந்தையின் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சாரு, பதிலக் கையோட கொண்டாந்திருக்கீக. கேள்விய மட்டும் எங்கிட்ட எதுக்குக் குடுக்குறீக? டாக்டரு சொன்னதச் செய்யுங்க. போயிட்டு வாங்க."

அங்கே நின்ற ஜீப் ஓட்டுநர் ஒருவர் சிரித்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். அந்தப் பெரியவரையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

இதற்குள் தவக்காலம் பிறந்தது. மனிதர் எவரும் உண்மை பேசவில்லை. இனி ஆண்டவரிடமே கேட்பேன் என்று துணிந்தேன். வெள்ளிதோறும் நோன்பிருந்தேன். நாள்தோறும் விடியலில் முழங்காலிட்டேன். "என் மகளின் விரலை மடக்கிய கையை எனக்குக் காட்டும். அந்தப் பெயரை எனக்குத் தாரும்." இதுவே என் செபம். ஆலயத்தின் செபக்குறிப்புப் பெட்டியில் "மறைந்திருக்கும் ஒரு குற்றம் வெளிப்படும்படியாக" என்று எழுதி இட்டேன். விவரம் எழுதவில்லை. நீங்களும் அறியாமல் எனக்காக அதைச் செபித்தீர்கள். அதற்காகவும் இங்கே உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நாற்பது நாளும் கழிந்தன. உயிர்ப்பு விழாவும் கழிந்தது. ஒன்றும் வெளிப்படவில்லை. விழாவன்று எல்லோரும் எழுந்து பாடியபோது நான் அமர்ந்தே இருந்தேன். ஆண்டவரும் அவள் பக்கமோ என்று எண்ணினேன். என் வாழ்நாளில் நான் தொட்ட மிகத் தாழ்ந்த இடம் அது. ஐயுறுவதற்கு இனி ஒருவரும் மிச்சம் இல்லை. அதற்கு மேல் செபிக்கவும் வாய் வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை பிற்பகல், நம் பெண்கள் ஐக்கியத்தின் சுகந்தி பிடியரிசி வாங்க வந்தாள். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் இட்டு வைத்து, மாதம் ஒருமுறை ஆலயத்திற்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கமல்லவா. அருளினி நடக்கத் தொடங்கியதுமுதல் எங்கள் வீட்டில் அது அவள் வேலை. சுகந்தி வந்தால் பானையைச் சாய்க்குமுன் முதற்பிடியை அருளினி அள்ளிப் பையில் போடுவாள்.

"வா தாயி, ஆண்டவருக்கு ஒரு பிடி போடு. அத்தை பையப் பிடிச்சிருக்கேன்."

குழந்தை இரு கைகளையும் முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டாள். "மாட்டேன்."

"ஏன்டி என் ராசாத்தி?"

"அப்பா வைவாக."

சுகந்தி சிரித்தாள். அவளுக்குப் பேச்சியம்மா செய்தி தெரியாது; விரல் செய்தியும் தெரியாது. "வையாம என்ன செய்வாக! அறுப்புப் பண்டிகையன்னைக்கு வஞ்சதத்தான் சபையே பாத்துச்சே. அண்ணே, ஞாபகம் இருக்கா? புள்ள பீச்சாங்கையில அள்ளுது, நீங்க 'வலக்கையால் இடு, வலக்கையால் இடு'ன்னு பிரசங்கம் மாதிரிச் சொல்றீக. சோத்தாங்கையில அள்ளினா அம்புட்டும் கட்டவெரல் பக்கமா ஒழுகிப் போகுது. மூணு தடவ! புள்ள அழுதுருச்சு. பீடத்துக்கு முன்னால கெடந்தத நாங்கதான பெருக்கி அள்ளினோம்."

என் கையிலிருந்த நீர்க்குவளையைக் கீழே வைத்தேன். "கட்டைவிரல் பக்கமாகவா?"

"ஆமாண்ணே. வெரல உள்ள மடக்கியே வச்சிருந்தா அரிசி எப்பிடி நிக்கும்? சப்பிச் சப்பிப் பழகிருச்சு போலன்னு நான் நெனச்சேன். இப்ப விட்டுருச்சா?"

அறுப்பின் பண்டிகை கார்த்திகையில். பேச்சியம்மா எங்கள் வாசலை மிதித்தது தை மாதத்தில்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்காக என் மகள் இடக்கையால் உண்டாள், இடக்கையால் எழுதுகோல் பிடித்தாள், இடக்கையால் காணிக்கை இட்டாள். நான் ஒவ்வொரு முறையும் கையை மாற்றினேன். அவளுக்கு வலக்கை ஒத்துழைக்கவில்லை. எனக்கு அது பணிவின்மையாகத் தெரிந்தது. புரை மூடிய கண்ணோடு இருந்த எனக்கு எந்தக் கை என்பது மட்டும் தெரிந்தது. அந்தக் கை எப்படி இருந்தது என்பது தெரியவில்லை. பிறகு கண் தெளிந்தது, விரலைக் கண்டேன். என் கண் தெளிந்த நாளையே குற்றம் நடந்த நாளாக எடுத்துக்கொண்டேன்.

"நான் வாங்கும்போதே அப்பிடித்தான் சார் இருந்துச்சு." முப்பத்தோராண்டுகள் நான் நம்ப மறுத்த அந்த வரி அன்று என் செவியில் ஒலித்தது. நூலைக் கொடுக்கும்போது நான் புரட்டிப் பார்த்தேனா? ஒருநாளும் இல்லை. திரும்பி வரும்போது மட்டுமே பார்த்தேன்.

சபையாரே, பெயர் கேட்டேன், பெயர் கிடைத்தது. விரலை மடக்கிய பெயர் என்று ஒன்று எங்கும் இல்லை. ஆனால் ஒரு குழந்தையை ஆலயத்தில் அழவைத்தவன், ஓர் ஏழைப்பெண்ணின் நற்பெயரைத் தெருவில் இறைத்தவன் என்று ஒருவன் இருந்தான். அவன் பெயரை நான் நன்கு அறிவேன்.

அன்று முழங்காலிட்டபோதுதான் மற்றொன்றும் உறைத்தது. நாற்பது நாள் செபித்தேனே, அந்த விரல் நிமிர வேண்டும் என்று ஒருநாளாவது கேட்டேனா? கேட்கவே இல்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நானும் ரூபியும் குழந்தையோடு வாய்க்காலைக் கடந்து போனோம். பேச்சியம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். எங்களைத் தாண்டித் தெருமுனையைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கு வந்திருக்கீக? அங்கன போலீசு நிக்கிதா?"

"இல்லம்மா. நாங்க மூணு பேருந்தான்."

"நெசமாவா?"

அவர் நம்பவில்லை. ஒருவர் நம்மை அப்படிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். நின்றவாறே நடந்ததைச் சொன்னேன். அருளினி அதற்குள் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஈரச் சேலையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சியம்மா குழந்தையின் தலையைத் தொடவில்லை. சாம்பல் படிந்த கைகளை விலக்கியே வைத்திருந்தார்.

"அப்ப நான் வர்றதுக்கு முன்னாலயே மடங்கித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இத எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? அன்னைக்குத் தெருவுல வச்சுல்ல சொன்னீக."

நான் தெருவில் இறங்கினேன். அங்கே நின்று உரக்கச் சொன்னேன்: பேச்சியம்மா மீது ஒரு குற்றமும் இல்லை, குழந்தைக்கு வந்தது நோய், பழி சொன்னவன் நான், தவறு முழுவதும் என்னுடையது. நான்கு வீடுகளில் தலைகள் நீண்டன. எவரோ ஒருவர், "ஏலே, லைப்ரரி ஐயா தப்புன்னு சொல்றாருடா, நல்லாக் கேட்டுக்கோங்க!" என்றார். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு உரியதுதான். அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வந்து, அரிசி புடைத்தவர்கள் வீட்டின் முன்னும் அதையே சொன்னேன்.

மாலையில் பேச்சியம்மா எங்கள் வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை.

"எம்பேரக் குடுக்கச் சொல்லித்தான உங்க சாமியக் கும்பிட்டீக?"

"ஆமா."

"நீங்க கேட்ட பேர அவரு குடுக்கலையே. நல்ல சாமியாத்தான் இருக்காரு."

உடனே வேலைக்கு வர அவர் ஒப்பவில்லை. எங்கள் வீட்டிற்கு வரத் தமக்கும் அச்சமாக இருக்கிறது என்றார். இரு வாரம் கழித்து ஒரு நிபந்தனையோடு வந்தார். "தெனமும் நான் வரயில புள்ளையத் தலையிலருந்து காலு வரைக்கும் பாத்து எங்கிட்டக் குடுங்க. நான் போகயிலயும் பாத்து வாங்கிக்கோங்க. பெறகு எம்மேல சொல்லக் கூடாது." நானும் ஒருவாரம் அவ்வாறே செய்தேன். எட்டாம் நாள் அவரே, "போதும் விடுங்க ஐயா, புள்ளைக்குக் கூச்சமா இருக்கு" என்றார்.

விரலை நானே நீவினேன். காலை, பகல், மாலை மூன்று வேளையும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வலிக்கும் எல்லைக்கு முன்பே நிறுத்தினேன். சில குழந்தைகளுக்கு இவ்வாறே நிமிர்ந்துவிடும் என்றார் மருத்துவர். என் மகளுக்கு நிமிரவில்லை. ஆவணி பிறந்ததும் அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

மயக்க மருந்து என்றதும் பழைய ஐயம் தலைதூக்கியது. மருத்துவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டேன். அவர் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. "நல்லாக் கேளுங்க ஐயா. ஆனா இந்தத் தடவ பதிலையும் கேளுங்க" என்றார். கேட்டேன். கையொப்பம் இட்டேன். அவளை உள்ளே கொண்டுபோனபோது, அந்தக் கதவின் முன் தரையில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, யார் என்று கேட்க மாட்டேன். அந்தச் சின்ன விரலை நிமிர்த்தித் தாரும்." அவ்வளவுதான் வந்தது. பக்கத்தில் ரூபி அழுதுகொண்டிருந்தாள். பேச்சியம்மா கண்ணை மூடித் தம் குலதெய்வத்தின் பெயரை முணுமுணுத்தார். ஒரு பிள்ளைக்காக நாங்கள் மூவரும் கேட்டோம்.

ஒரு மணி நேரத்திற்குள் கதவு திறந்தது. முண்டு தடையின்றி ஓடும்படி உறையைத் திறந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். கட்டுப் பிரித்த நாளன்று அருளினி தன் கட்டைவிரலைத் தூக்கி நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இது புதுசா?" என்று கேட்டாள். "ஆமா தங்கம், சாமி குடுத்தது" என்று பேச்சியம்மா சொன்னார்.

மருத்துவர் செய்ததை ஆண்டவர் செய்ததாகச் சொல்லலாமா என்று நம்மில் ஒருவர் என்னைக் கேட்டார். அந்த மருத்துவரை மாசியிலேயே ஆண்டவர் என் எதிரில் அமர்த்தியிருந்தார். செவி கொடுக்காதவன் நான். விரலைத் திறந்தது மருத்துவர் கை. அவரிடம் என் மகளை ஒப்படைக்கும்படி என்னைத் திறந்தது எவர் கை என்பதை நான் அறிவேன். அதற்காகவே நன்றி செலுத்துகிறேன்.

ஐயம் என்னை விட்டு முற்றிலும் அகன்றது என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி ஆகும். சென்ற வாரம் அருளினி முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். "யார்?" என்ற சொல் நுனிநாக்குவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "வலிக்கிறதா அம்மா?" என்று கேட்டேன். "இல்லப்பா, நாந்தான் விழுந்தேன்" என்றாள். இத்தனை நாளும் என் கேள்வி அவளுக்கு இடம் கொடுக்கவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரலாம். பிள்ளையின் உடலில் நீங்கள் அறியாத ஒரு வளைவோ கட்டியோ கண்ணில் படலாம். அஞ்சாதீர்கள். மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆண்டவரிடமும் துணிந்து கேளுங்கள். நான் கேட்டதுபோல் கோணலாகக் கேட்டாலும் அவர் தள்ளிவிடுவதில்லை. ஆனால் அவர் காட்டும் திசையில் உங்கள் முகமே தெரிந்தால் திரும்பிக்கொள்ளாதீர்கள். அங்கேதான் உங்களுக்கு நன்மை வைக்கப்பட்டிருக்கிறது.

நேற்றுச் சுகந்தி மீண்டும் பிடியரிசிக்கு வந்தாள். அருளினி பானைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, ஒரு மணியும் சிந்தாமல் பையில் போட்டாள். எந்தக் கையால் இட்டாள் என்று நான் பார்க்கவில்லை.